இருதய வால்வு இரண சிகிச்சைக்குப் பின் வரும் களைப்பு

தறியையும் நிலத்தையும் பற்றியே பெரும்பாலும் பேசும் இப்பக்கங்களில் தேகநலப் பாடம் ஒன்றை எழுத நேர்ந்ததற்குக் காரணம் உண்டு. தணிக்கைக்காக நான் சென்றிருந்த நெசவாளர் சங்கமொன்றில், இருதய வால்வு மாற்றப்பெற்று ஆறு மாதங்களான அங்கத்தினர் ஒருவர்மீது "வேலைக்கு அஞ்சுகிறார்" என்ற பேச்சு எழுந்திருந்தது. காலையில் ஒரு கிலோமீட்டர் நடந்து வந்தால் பிற்பகல் முழுதும் அவரால் எழ இயலவில்லை. அவருக்குப் பாவு கொடுப்பதை நிறுத்தலாமா என்பதே நிர்வாகக் குழுவின் முன் இருந்த கேள்வி.

இருதயத்தின் வால்வு ஒருவழிக் கதவு. நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் தடவை திறந்து மூடுவது. இளமையில் தொண்டைப்புண்ணை அடுத்து வரும் மூட்டுவாத ஜுரம் இக்கதவைத் தடிக்கச் செய்து குறுக்கிவிடுகிறது. நம் நாட்டில் வால்வு கெடுவதற்கு இது முக்கியமான காரணம். செயற்கை வால்வு பொருத்தும் முறை 1960-இல் அமெரிக்காவில் ஸ்டார், எட்வர்ட்ஸ் என்னும் இருவரால் வெற்றி கண்டது. அயல்நாட்டு வால்வின் விலை ஏழைக்கு எட்டாதிருந்த காலத்தில், டாக்டர் எம். எஸ். வலியத்தான் தலைமையில் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தார் உள்நாட்டிலேயே ஒன்றை உருவாக்கி, 1990 டிசம்பர் 6-ஆம் நாள் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தினர். அதன் வட்டத்தகடு ஒருவகைப் பாலிஎதிலீனால் ஆனது.

கதவு புதிதாகிவிட்டது, பின் களைப்பு ஏன்? பெரியாற்று நீரை நம்பி இருபோகம் காணும் கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிக்கு இதை விளக்குவது எளிது. மதகைப் பழுது பார்த்த அன்றே வாய்க்காலின் தூர் அகன்றுவிடுவதில்லை. பல ஆண்டுகள் அழுத்தம் தாங்கி விரிந்துபோன இருதய அறைகள் சுருங்கிப் பழைய நிலையை அணுகப் பல மாதங்கள், சிலருக்கு ஓராண்டுகூட, ஆகும். சிகிச்சையின்போது இழந்த இரத்தத்தால் சோகை இருக்கலாம். படுக்கையில் கிடந்த நாட்களில் கால் தசைகள் நலிந்திருக்கும். துடிப்பை மட்டுப்படுத்தும் மாத்திரைகள், நடை வேகத்திற்கு ஏற்ப இருதயம் விரைவதைத் தடுக்கும். உறக்கக் குறைவும் மனச்சோர்வும் இவற்றுடன் சேரும். இவற்றுள் ஒன்றும் சோம்பல் அன்று.

ஆயினும் உழைப்பை அறவே விடுவதும் தவறு. சமதரையில் நாளுக்குப் பத்து நிமிடம் நடந்து, வாரந்தோறும் சிறிது கூட்ட வேண்டும். நடக்கும்போது தடையின்றிப் பேச முடிந்தால் வேகம் சரி. களைப்பு ஒரு மணி நேரத்தில் தணிந்தால் அளவு சரி. மறுநாள் காலையிலும் நீடித்தால் முந்தைய நாளின் அளவு மிகை என்று கொண்டு குறைத்துக்கொள்க.

தொழிலைப் பற்றியும் கூறவேண்டும். கம்பியால் தைக்கப்பட்ட மார்பெலும்பு கூடுவதற்கு ஆறு முதல் எட்டு வாரம், நன்கு உறுதிப்பட மூன்று மாதம் ஆகும். அதுவரை நாடாக் கயிற்றை இழுப்பதும் மண்வெட்டி பிடிப்பதும் கூடா. அதன் பின்னரும், ஒரே அளவு வேலையைக் காலால் செய்வதைவிடக் கையால் செய்யும்போது இருதயத்திற்குச் சிரமம் அதிகம் என்பதை நினைவிற் கொள்க. திராட்சைப் பந்தலின் கீழ்க் கைகளை உயர்த்தியபடி கவாத்து செய்பவர் விரைவில் சோர்வது இதனால்தான். நெசவாளர் சுற்றும் தாரை முதலில் எடுத்துக்கொள்ளலாம். விவசாயி சுமக்கும் வாழைத்தாரை வைத்தியரைக் கேளாமல் தொடலாகாது. பெயர் ஒன்றாயினும் பாரம் ஒன்றன்று!

ஓய்வால் தீராத களைப்பும் உண்டு. படுத்தால் மூச்சுத்திணறல், கால் வீக்கம், சில நாளில் இரண்டு கிலோ எடை ஏறுதல், தாறுமாறான நாடித்துடிப்பு, காரணமறியாத ஜுரம் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் தாமதியாமல் மருத்துவமனை செல்க. மயக்கமோ, ஒருபக்கக் கைகால் தளர்ச்சியோ, பேச்சுக் குழறலோ நேர்ந்தால் அந்நிமிடமே புறப்படவேண்டும். உலோக வால்வு உடையோர் இரத்தம் உறையாதிருக்கும் மாத்திரையை ஒருநாளும் தவறவிடலாகாது, ஐ.என்.ஆர். சோதனையைக் குறித்த தேதியில் செய்துகொள்ளவேண்டும். முருங்கைக்கீரையை ஒரு வாரம் மிகுதியாக உண்டு மறுவாரம் விட்டுவிடுவது இம்மாத்திரையின் கணக்கைக் குலைக்கும். பல் பிடுங்குமுன் வால்வு இருப்பதைப் பல் வைத்தியரிடம் சொல்லிவிடுக.

மேற்சொன்ன அங்கத்தினரைச் சோதனைக்கு அனுப்பியதில் அவருக்குச் சோகை இருப்பது தெரியவந்தது. மூன்று மாதத்திற்குத் தார் சுற்றும் வேலை கொடுத்து, அதற்குரிய கூலியை வழங்கவும், அதன் பின் வைத்தியர் குறிப்பைப் பார்த்து ஒரு பாவு கொடுக்கவும் குழுவினர் தீர்மானித்தனர். அடுத்த தணிக்கைக்குச் சென்றபோது அவர் தறியில் அமர்ந்து, முற்பகலில் மட்டும் நெய்துகொண்டிருந்தார்.