காக்கா ஆழி

நம் திருவள்ளூர் மாவட்டத்தின் கிழக்கெல்லை கடல். கும்மிடிப்பூண்டி ஆலைகளைக் கடந்து கிழக்கே சென்றால் பழவேற்காடு ஏரியைக் காணலாம். அங்கிருந்து தெற்கே பக்கிங்ஹாம் கால்வாய் எண்ணூர்க் கழிமுகத்தை அடைகிறது. கொசஸ்தலை ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் இந்நீர்நிலைகள் இறால், நண்டு, மட்டி ஆகியவற்றின் தொட்டில். அத்தொட்டிலில் அண்மை ஆண்டுகளில் ஓர் அயல்நாட்டுச் சிப்பி குடிபுகுந்துள்ளது. மீனவர் அதைக் 'காக்கா ஆழி' என்கின்றனர். அறிவியலார் இட்ட பெயர் மைட்டெல்லா ஸ்ட்ரிகேட்டா.

இதன் தாயகம் தென் அமெரிக்க, நடு அமெரிக்கக் கடற்கரைகள். இவ்வளவு தொலைவை இது எவ்வாறு கடந்தது? சரக்கின்றிச் செல்லும் கப்பல், நிலைதடுமாறாமல் இருக்கத் தன் தொட்டிகளில் கடல்நீரை நிரப்பிக்கொள்ளும். சரக்கேற்றும் துறைமுகத்தில் அதை வெளியேற்றும். கண்ணுக்குப் புலப்படாத சிப்பிக் குஞ்சுகள் அந்நீரோடு பயணம் செய்யும். கப்பலின் அடிப்புறத்தில் ஒட்டி வருவதும் உண்டு. இச்சிப்பி பிலிப்பைன்ஸில் 2014ஆம் ஆண்டிலும் சிங்கப்பூரில் 2016ஆம் ஆண்டிலும் காணப்பட்டது. பின்னர் கேரளக் காயல்களிலும் பெருகியது.

உப்பு குறைந்த நீரிலும் மிகுந்த நீரிலும் இது பிழைக்கும். மெல்லிய நாரிழைகளால் ஒன்றோடொன்று பிணைந்து, சேற்றின்மேல் கம்பளம் விரித்தாற்போல் படரும். அதன்கீழ், சேற்றில் புதைந்து வாழும் நம் மட்டிகள் மூச்சுமுட்டி மடிகின்றன. இறால் மேய இடமில்லை. வலையும் படகுமின்றி, நீரில் அமர்ந்து கையால் தடவியே இறால் பிடிக்கும் இருளர் மக்களின் கையில் இன்று ஓடுகளே அகப்படுகின்றன. அன்றன்று பிடித்ததை விற்று அடுப்பெரிக்கும் குடும்பங்களுக்கு இது பேரிழப்பு அன்றோ?

'அள்ளி எறிந்துவிட்டால் என்ன?' என நாம் கேட்கலாம். அள்ளும்போது நம் மட்டிகளும் சேர்ந்தே அழியும். எஞ்சிய சில சிப்பிகளின் குஞ்சுகள் ஓதநீரில் மிதந்து சென்று புதிய இடங்களில் ஒட்டிக்கொள்ளும். ஆதலால் அகற்றுவதைவிட வராமல் தடுப்பதே எளிது. கப்பல்நீரைத் தூய்மை செய்த பின்னரே வெளியேற்ற வேண்டுமென்னும் பன்னாட்டு உடன்படிக்கை 2004ஆம் ஆண்டில் உருவாகி, 2017ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. அதை ஒவ்வொரு துறைமுகமும் கண்டிப்புடன் நிறைவேற்றுதல் வேண்டும்.

தோழியரே, நமக்கும் இதில் பங்குண்டு. வீட்டுத் தொட்டியில் வளர்க்கும் வெளிநாட்டு மீனையும் நத்தையையும் ஏரியிலோ கால்வாயிலோ விடாதிருப்போம். கழிமுகத்தில் புதிய உயிரினம் எதையேனும் முதலில் காண்பவர் மீனவரே. அவர் சொல்லுக்கு உடனே செவிசாய்த்தால், அடுத்த அயலுயிர் வேரூன்றுமுன் அதைத் தடுக்கலாம்.