உவர் வேறு, களர் வேறு

வரப்போரத்தில் வெள்ளை பூத்தால் உவர். மழை பெய்து இரண்டு நாளாகியும் நீர் கலங்கலாகத் தேங்கி நின்று, காய்ந்தபின் கட்டாந்தரையாக இறுகினால் களர். நம் விவசாயிகள் இவற்றை நெடுங்காலமாகவே பிரித்தறிந்துள்ளனர். ஆய்வுக்கூடப் பிரிவும் ஏறத்தாழ இதுவே. உவர் நிலத்தில் கரையும் உப்பு அதிகம். களர் நிலத்தில் சோடியம் மண் துகளோடு ஒட்டியிருக்கும். கார அமில நிலை 8.5-க்கு மேல் இருக்கும்.

சந்தேகமிருந்தால் ஒரு பிடி மண்ணைக் கண்ணாடித் தம்ளரில் மழைநீர் விட்டுக் கலக்கி வையுங்கள். சிறிது நேரத்தில் நீர் தெளிந்தால் உவராக இருக்கலாம். மறுநாள் வரை கலங்கலாகவே நின்றால் களர் என்று ஐயப்படலாம்.

திருச்சி மாவட்டம் மணிகண்டம் பக்கத்தில் களர் நிலங்கள் உண்டு. அங்கே ஒரு பெரியவர், "ஜிப்சம் போட்டும் பயனில்லை ஐயா" என்றார். வயலைப் பார்த்தேன். களர் என்று அவர் கண்டது சரியே. ஆனால் வடிகால் இல்லை! ஜிப்சத்திலுள்ள சுண்ணாம்புச் சத்து சோடியத்தை விலக்கிவிடும்; விலகிய சோடியம் நீரோடு வெளியேறினால்தான் பலன். எனவே முதலில் வடிகால் வெட்ட வேண்டும். பின்பு பாத்தி கட்டி, மண் பரிசோதனையில் கூறும் அளவு ஜிப்சம் இட்டுச் சேறு கலக்கி, நல்ல நீரைத் தேக்கி வடிக்க வேண்டும். இவ்வாறு மூன்று நான்கு முறை செய்வது நலம். உவர் மட்டுமே என்றால் ஜிப்சம் வீண் செலவு. நல்ல நீரால் கழுவி வடித்தாலே போதும்.

பயிர் வெளுத்ததும் யூரியாவைக் கூட்டிப் போடுவது இன்னொரு பழக்கம். களர் நிலத்தில் தழைச்சத்தில் கணிசமான பங்கு காற்றோடு போய்விடும். வெளுப்பு பெரும்பாலும் துத்தநாகக் குறையாக இருக்கும். கடைக்காரர் சொல்லைவிட மண் பரிசோதனை முடிவை நம்புவது நல்லது.

அடுத்து, ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, 45 நாளில் பூக்கும் தறுவாயில் மடக்கி உழவும். களரிலும் வளரக்கூடிய பயிர் இது. அதன்பின் களரைத் தாங்கும் திருச்சி 1 நெல்லை நடலாம்.

மண் மாதிரி கொடுக்கும்போது கிணற்று நீரையும் ஒரு புட்டியில் கொண்டுபோங்கள். காரத்தன்மையுள்ள நீரையே தொடர்ந்து பாய்ச்சினால், சீர்செய்த வயல் சில ஆண்டுகளில் மீண்டும் களராகிவிடும்.