மெஸ் சோற்றைப் பற்றி எழுதும் இளம் எழுத்தாளருக்கு

தாம்பரம் வட்டாரத்தில் மெஸ் என்றால் இருபது முப்பது பேர் உட்காரக்கூடிய ஒரே கூடம், பின்கட்டில் அடுப்படி, வாசலில் கல்லா, கல்லாவுக்குப் பக்கத்தில் அன்றைய குழம்பைச் சாக்பீஸில் எழுதிய பலகை. ஓட்டலில் பட்டியல் மாறாது, சாப்பிட வருபவர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். மெஸ்ஸில் வருபவர்கள் மாறுவதில்லை. ஆகவே குழம்பு மாறித்தான் ஆகவேண்டும். திங்கள் சாம்பார், செவ்வாய் காரக்குழம்பு, புதன் கீரை, வியாழன் வத்தக்குழம்பு, வெள்ளி வடை பாயசம் என்று ஒரு வாரச் சுற்று ஓடும். சோடா உப்புக்கும் கலர்ப் பொடிக்கும் நேற்றைய குருமாவுக்கும் அங்கே இடமில்லை. தினமும் இரண்டு வேளை அதே வயிற்றில் இறங்கும் சாப்பாடு என்பதால், ஏமாற்று வேலை செய்தால் ஒரு மாதத்துக்குள் பந்தி காலியாகிவிடும்.

கேம்ப் ரோடு பக்கம் உள்ள இப்படி ஒரு மெஸ்ஸைப் பற்றி ஓர் இளம் எழுத்தாளர் எழுதிய கட்டுரைதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம். அவருக்கு நடை உண்டு, கண் உண்டு, ஒரே கடைக்குத் திரும்பத் திரும்பப் போகும் பொறுமையும் உண்டு. எழுத்தின் பாலபாடம் அவருக்குத் தேவையில்லை. ஆனால் கட்டுரையில் இரண்டு குறைகள் கண்ணில் விழுந்த தூசியாக உறுத்துகின்றன. 'அம்மா கைமணம்' என்ற சொற்றொடர் நான்கு இடங்களில் வருகிறது. சோற்றைப் பற்றி ஒரு வாக்கியம்கூட இல்லை.

முதலில் மெஸ்ஸுக்கு ஆள் எங்கிருந்து வந்தது என்பது. டாக்டர் சௌரி முத்து 1928-ல் தொடங்கிய காசநோய் சானடோரியத்தை அரசு 1937-ல் எடுத்துக்கொண்டது. அதே 1937-ல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனை விட்டுத் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது. அதற்கு முன்பே, 1931-ல், கடற்கரை–தாம்பரம் மீட்டர்கேஜ் பாதையில் மின்ரயில் ஓடத் தொடங்கியிருந்தது. விமானப்படைத் தளமும், 1984-ல் மெப்ஸ் ஏற்றுமதி மண்டலமும் பிறகு சேர்ந்தன. நோயாளிக்குத் துணைக்கு வந்தவர், விடுதி கிடைக்காத மாணவர், ரயில்வே ஊழியர், ஷிப்டு முடித்து வரும் தொழிலாளி ஆகிய எல்லாருக்கும் பொதுவானது ஒன்றுதான்: ஊரில் வீடு இருக்கிறது, இங்கே அடுப்பு இல்லை. தென்மாவட்டங்களிலிருந்து ஜி.எஸ்.டி. சாலை வழியாக வருபவருக்குச் சென்னை தொடங்குவதே இங்கேதான். இறங்கிய இடத்துக்குப் பக்கத்திலேயே அறை பிடித்தவர்கள் சேலையூரிலும் முடிச்சூரிலும் பெருங்களத்தூரிலும் நிறைந்தார்கள். திருவல்லிக்கேணி மேன்ஷன் பிரம்மச்சாரிகள் டோக்கன் வாங்கிக் காத்திருக்கும் காசி விநாயகா மெஸ் ஊரறிந்தது. தாம்பரத்து மெஸ்கள் அந்த அளவுக்குப் பெயர் வாங்கவில்லை. அவற்றைப் பற்றி எழுத ஓர் இளைஞர் முன்வந்ததே நல்ல காரியம்.

இனி அந்தச் சொற்றொடர். அந்த மெஸ்ஸில் சமைப்பவர் ஓர் ஆண். ஐம்பது வயதைத் தாண்டியவர், கல்யாணச் சமையல் கோஷ்டியில் எடுபிடியாகச் சேர்ந்து காய் நறுக்கிப் பழகியவர், விடிகாலை நாலரைக்கு அடுப்பு மூட்டுபவர் என்பதெல்லாம் கட்டுரையிலேயே இருக்கிறது. இத்தனையும் சொல்லிவிட்டு, சாம்பார் நன்றாக இருந்ததற்குக் காரணம் 'அம்மா கைமணம்' என்று முடிப்பது அந்த மனிதரின் தொழிலைப் பிடுங்கி, அங்கே இல்லாத ஒருவரிடம் கொடுப்பதாகும். வீட்டில் சமைக்கும் தாய்க்கும் அதனால் பெருமை இல்லை. அவர் பல வருடம் கற்றுத் தேர்ந்த வேலையை, கையோடு பிறந்த மணம் என்று சொல்லி அது தள்ளிவிடுகிறது. தமிழ்ப் பத்திரிகைகளில் சாப்பாட்டைப் பற்றி எழுதுபவர்கள் எல்லாரும் இந்தச் சொற்றொடரை ஒரு பத்து வருடத்துக்கு ஒதுக்கிவைத்தால் எழுத்து உருப்படும்.

நான்கு பேருக்குச் சமைப்பதும் நூற்றைம்பது பேருக்குச் சமைப்பதும் வெவ்வேறு வேலைகள். அண்டாவில் இருக்கும் குழம்பின் அளவோடு ஒப்பிட்டால் ஆவி வெளியேறும் வாய் சிறியது. வீட்டுச் சட்டியைப் போல நீர் சுண்டாது, புளியின் பச்சை வாடை போகவும் நேரமெடுக்கும். ஆகவே வீட்டுக் கணக்கை அப்படியே நாற்பதால் பெருக்கித் தண்ணீரும் புளியும் மிளகாய்த்தூளும் போட்டால் குழம்பு கெட்டது. கோஸ் பொரியலை வீட்டில் வெந்ததும் இறக்கலாம். மெஸ்ஸில் அரைக்கால் பதம் குறைவாக இருக்கும்போதே இறக்கித் தட்டுகளில் பரப்பியாக வேண்டும், இல்லையென்றால் குவியலின் நடுவில் இருப்பது தன் ஆவியிலேயே குழைந்துவிடும். பன்னிரண்டு மணிக்கு வைத்த சாம்பார் இரண்டு மணிக்குள் இறுகும். அப்போது வெந்நீர் விட்டு விளாவுபவர் ஒரு ரகம், அதற்கென்று எடுத்துவைத்த பருப்புத் தண்ணீரை விடுபவர் வேறு ரகம். இரண்டரை மணிக்கு வந்து சாப்பிட்டுப் பார்த்தால் இந்த வித்தியாசம் நாக்குக்குத் தெரியும். கட்டுரையாளர் பன்னிரண்டரைக்கே போய்ப் பன்னிரண்டரைக்கே எழுதியிருக்கிறார்.

அடுத்தது சோறு. மெஸ் இலையில் பெரும்பகுதி சோறுதான். மீன் குழம்புக்கு மூன்று பத்தி, கத்தரிக்காய்க் கூட்டுக்கு ஒரு பத்தி, அப்பளம் பொரிந்த சத்தத்துக்குக்கூட ஒரு வாக்கியம் ஒதுக்கியவர், அத்தனையையும் தாங்கிய சோற்றை இலையின் நிறம் போலப் பின்னணியாக்கிவிட்டார். என்ன அரிசி, புதிதா பழையதா, புழுங்கலா பச்சையா, எத்தனை உலை வைத்தார்கள் என்று எதுவும் தெரியவில்லை. மெஸ்காரரின் முதல் செலவும் முதல் கவலையும் அரிசிதான். செங்குன்றத்து மொத்த வியாபாரியிடமிருந்து வந்த மூட்டையைப் பிரித்து, ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் தேய்த்துப் பார்க்காமல் எந்த மெஸ்காரரும் பணம் எண்ணிக் கொடுப்பதில்லை.

தமிழ்நாட்டு மெஸ்ஸில் புழுங்கல் அரிசி நிலைத்ததற்குக் காரணம் வழக்கம் மட்டும் அல்ல. நெல்லை உமியோடு ஊறவைத்து அவித்துக் காயவைக்கும்போது அரிசியின் மாவுச்சத்து உள்ளுக்குள்ளேயே ஒருமுறை வெந்து இறுகிவிடுகிறது. அதனால் சோறு ஒன்றோடொன்று ஒட்டாது, வடித்த பிறகும் மணிக்கணக்கில் பருக்கை பருக்கையாக நிற்கும். குழம்பை ஊற்றிப் பிசைந்தால் குழம்பை வாங்கிக்கொள்ளும், ஆனால் கூழாகாது. தவிட்டில் உள்ள பி வைட்டமின்களில் ஒரு பங்கும் அவிக்கும்போது அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பச்சரிசிச் சோறு சுடச்சுட அருமையாக இருக்கும், ஆறினால் இறுகும். வீட்டில் இறக்கியதும் சாப்பிட்டுவிடலாம். பதினொன்றரையிலிருந்து மூன்று வரை பந்தி நடத்துபவருக்கு அது ஒத்துவராது.

வடிப்பது தனி வித்தை. பெரிய அண்டாவில் உலை தளதளவென்று கொதித்த பிறகே ஊறிய அரிசியைப் போடவேண்டும். பழைய அரிசி என்றால் தண்ணீர் கூடுதலாக இழுக்கும், பருக்கையும் நீளும். புது அரிசி சீக்கிரம் குழையும். வெந்ததா என்று பார்க்க ஒரு பருக்கையை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் நசுக்குவார்கள். நடுவில் ஊசிமுனை அளவு வெள்ளை தெரியும்போதே இறக்கிக் கஞ்சியை வடித்துவிட வேண்டும். அந்த வெள்ளை மறையும்வரை அடுப்பில் நின்றால், வடித்த பிறகு தன் சூட்டிலேயே அண்டாச் சோறு குழைந்துவிடும். ஒரே உலையில் எல்லாருக்கும் வடித்துவைப்பவர் வேலையைச் சுருக்குகிறார். நல்ல மெஸ்ஸில் இரண்டாவது உலை ஒரு மணிக்கு முன்பாக ஏறிவிடும். அந்த இரண்டாவது உலை கேம்ப் ரோடு மெஸ்ஸில் ஏறுகிறதா இல்லையா என்ற ஒரு செய்தி, கட்டுரையில் உள்ள வர்ணனைகள் எல்லாவற்றையும் விட வாசகருக்கு உபயோகமாக இருந்திருக்கும்.

இதை எழுதுபவர் மீட்டர்கேஜ் காலத்தில் மேற்குத் தாம்பரத்து மெஸ் ஒன்றில் மாதக் கணக்கு வைத்துச் சாப்பிட்டவர். அப்போது சோறு என்றால் ஐ.ஆர். இருபது. 1960-களின் இறுதியில் பிலிப்பைன்ஸ் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த ரகம் அது, பசியை அடக்கியது, அதற்கு மேல் அதைப் பற்றி யாரும் பேசவில்லை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1986-ல் வெள்ளைப் பொன்னியை வெளியிட்டது. மலேசியாவிலிருந்து வந்த மசூரி ரகத்திலிருந்து தேர்ந்தெடுத்த சன்ன அரிசி. பொன்னி அரிசி மெஸ்ஸுக்குள் நுழைந்ததும் பலகையில் குழம்புக்கு மேலே 'பொன்னி அரிசிச் சாப்பாடு' என்ற வரி ஏறியது, விலையும் ஏறியது, முணுமுணுத்தவர்கள் அதையே சாப்பிட்டார்கள். மெஸ்காரர் கூட்டத்தை ரயில் நேரத்தை வைத்துக் கணக்கிடுவார். கடற்கரை வண்டி தாமதம் என்று ஸ்டேஷன் பக்கமிருந்து யாராவது வந்து சொன்னால், உலையில் போடவிருந்த அரிசியை முறத்திலேயே நிறுத்திவைப்பார். ரசத்துக்கு அடுப்பிலிருந்து கண் எடுக்கமாட்டார். நுரை கூடி மேலெழும்பும் கணத்தில் இறக்கிவிட்டுத்தான் யாருடனும் பேசுவார். அந்த மீட்டர்கேஜ் வண்டிகள் 2004-ல் நின்றன, மெஸ்ஸும் அதற்கு முன்பே மூடிவிட்டது. இன்று கடைகளில் பொன்னி என்ற பெயரில் விற்கும் மூட்டைகளில் பல வேறு ரகங்கள். எது எது என்று மெஸ்காரர்களுக்குத் தெரியும். கேட்டு எழுதினால் அதுவே ஒரு தனிக் கட்டுரைக்குத் தேறும்.

குறை சொன்ன வாயாலேயே சொல்லவேண்டியது இன்னொன்று உண்டு. கட்டுரையின் கடைசிக்கு முந்தைய பத்தியில் சானடோரியம் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெரியவர் தூக்குவாளியோடு வருகிறார். மனைவிக்குக் காரம் ஆகாது, ரசத்தின் தெளிவு மட்டும் வேண்டும் என்கிறார். சப்ளையர் கரண்டியை அடிவரை விடாமல், மேலாக, அலுங்காமல் மொண்டு ஊற்றுகிறார். கல்லாவில் இருப்பவர் சாப்பாட்டுக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டு ரசத்தை எண்ணாமல் விடுகிறார். அவ்வளவுதான் பத்தி. உணர்ச்சி என்று ஒரு சொல் இல்லை, அம்மா இல்லை, மணம் இல்லை. கரண்டி எவ்வளவு ஆழம் இறங்கியது என்பதை ஒருவர் பார்த்திருக்கிறார், பார்த்ததை எழுதியிருக்கிறார். சமீப காலத்தில் தமிழில் சாப்பாட்டைப் பற்றி வந்த எழுத்தில் இதற்கு இணையாக வேறொன்று இல்லை. மூத்தவர்கள் பலர் வாழ்நாள் முழுக்க எழுதியும் எட்டாத இடம் அது. அந்தக் கை எழுதியதுதான் மற்ற பத்திகளும் என்பதால்தான் இவ்வளவு ஆற்றாமை.

விலையையும் கட்டுரை விட்டுவிட்டது. இதை நீட்டவேண்டியதில்லை. சென்னை மாநகராட்சி 2013 பிப்ரவரியில் அம்மா உணவகத்தைத் திறந்தபோது இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து, தயிர் சாதம் மூன்று. மானியம் இல்லாத மெஸ் அந்த விலையோடு மோத முடியாது. அது கொடுப்பது இரண்டாம் தடவை சோறும், ஆளுக்கு ஏற்ற கரண்டியும். 2017 நவம்பர் 15 முதல் உணவகங்களுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம் ஆனபோது, வாங்கும் பொருளுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் வசதி போய்விட்டது. பதிவு பெற்ற சிறு கடைக்கு, 19 கிலோ வணிக சிலிண்டருக்குக் கட்டும் வரி முழுக்கக் கைநஷ்டம். 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் தடை வந்ததும் பார்சல் சாம்பாரின் மெல்லிய பைக்கும் மாற்று தேட வேண்டியதாயிற்று. சாப்பாட்டு விலையைச் சொல்லி, அதில் அரிசிக்கு எவ்வளவு, எரிவாயுவுக்கு எவ்வளவு, இலைக்கு எவ்வளவு என்று மெஸ்காரர் வாயாலேயே வாங்கி எழுதியிருந்தால் வாசகர் அடுத்த தடவை விலை ஏறும்போது பலகையை வேறு கண்ணோடு பார்ப்பார்.

2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தது. தென்மாவட்டப் பேருந்துகளுக்காக இரவில் பெருங்களத்தூரில் காத்துநின்ற கூட்டத்தில் ஒரு பகுதி வண்டலூர்ப் பக்கம் நகர்ந்துவிட்டது. பெருங்களத்தூர் மெஸ்களின் இரவு டிபன் என்ன ஆனது என்பது இதுவரை யாரும் எழுதாத விஷயம். ஞாயிறு இரவு இன்னொன்று. பெரும்பாலான மெஸ்களுக்கு அன்று அடுப்பு இல்லை. மாதக் கணக்குக்காரர்கள் டீக்கடையில் பன்னும் டீயுமாக முடித்துக்கொண்டு, திங்கள் காலை முதல் ஆளாக வந்து உட்காருவார்கள். எழுத்தாளர் அடுத்த கட்டுரைக்குப் போகவேண்டிய நேரங்கள் இவை. அடுப்படிக்குள் நின்று பார்க்கக் கேட்டால் மெஸ்காரர்கள் மறுப்பதில்லை. பதினொன்றுக்கு முன்போ மூன்றுக்குப் பின்போ கேட்கவேண்டும், செருப்பை வாசலிலேயே விட்டுவிட வேண்டும்.