ஒரு குடத்தின் பின்னால் போ

அன்புக் கண்ணு,

பெங்களூர் மர்பி டவுனில் இனிப் படம் எடுக்க ஒன்றுமே இல்லை என்று எழுதியிருந்தாய். மார்க்கெட், கோயில், அல்சூர் ஏரி எல்லாவற்றையும் எடுத்தாகிவிட்டது. கண்ணில் பட்டதையெல்லாம் துரத்தினால் மனசு சீக்கிரம் களைத்துப்போகும். கொஞ்ச நாளைக்கு ஒரே ஒரு பொருளை மட்டும் எடு.

புகைப்படக்காரர் ரகுபீர் சிங் அப்படித்தான் அம்பாசிடர் காரைப் பிடித்துக்கொண்டார். சில படங்களில் முழுக் கார். சிலவற்றில் கதவு விளிம்பும் கண்ணாடியும்தான், அவற்றுக்கு அப்பால் தெருவும் ஜனங்களும். அவர் 1999-ல் மறைந்தார். 2002-ல் அந்தப் படங்கள் ‘எ வே இன்டு இந்தியா’ என்ற புத்தகமாக வந்தன.

உனக்குப் பிளாஸ்டிக் குடம். நாக்ஸ்பேட்டையாக இருந்த உங்கள் ஏரியாவுக்கு, அங்கே ஏழைகளுக்கு வீடு கட்டிய இன்ஜினியர் மர்பியின் பெயர் வந்தது. சின்ன வீடுகள், குடத்துக்கு வாசலில்தான் இடம். தண்ணி விடுகிற நாளில் வெயில் ஏறுமுன் போ. வெளிர் நிறக் குடத்தைச் சூரியனுக்கு எதிராக வைத்துப் பார், உள்ளே தண்ணீர் எதுவரை நிற்கிறது என்று கோடு தெரியும். கவிழ்த்துப் பார். விரிசலைச் சூட்டுக் கத்தியால் இழுத்து ஒட்டிய தழும்பு இருக்கும். அதை மட்டும் கிட்டப்போய் எடு. பத்து நாளில் குடத்தை விட்டு, அதைத் தூக்கும் கைகளுக்கு உன் கண் போய்விடும். போகட்டும், தடுக்காதே. ஆனால் முகம் விழுந்தால் கேட்டுவிட்டு எடு.

‘தனிமை’, ‘காலம்’ போன்ற தலைப்புகள் இப்போது வேண்டாம். எதை எடுத்தாலும் அதற்குள் அடங்கிவிடும், கண் சோம்பிவிடும். தொட்டுப் பார்க்க முடிகிற பொருள் உன்னைத் தேட வைக்கும். அது உனக்கு நெருக்கமானதாகவும் இருந்தால் இன்னும் நல்லது. மதுரைக்காரரான புகைப்படக்காரர் பழனிக்குமாரின் அம்மா மீன் விற்றவர். பழனிக்குமார் தன் அம்மாவையே எடுத்தார். மலக்குழியில் இறங்கும் தொழிலாளர்களிடம் வருடக்கணக்கில் திரும்பத் திரும்பப் போனார். ஒரு நாள் போய் வந்தவருக்கு அந்தப் படங்கள் கிடைத்திருக்காது.

மாதக் கடைசியில் 30 படங்களைப் பிரிண்ட் போட்டுத் தரையில் பரப்பு. ஒன்றுபோலிருப்பவற்றை எடுத்துவிடு. பிறகு உன் அம்மாவைக் கூப்பிடு. எந்தக் குடம் யார் வீட்டுடையது என்று அவர் சொல்லச் சொல்ல, படத்தின் பின்னால் பென்சிலால் எழுதிக்கொள்.

அன்புடன்,
சித்தப்பா