ஐந்து பேர் கூடி எடுக்கும் முடிவு

டாலிகஞ்சில் நம் அன்பர்கள் பலர் தினமும் ஏறி இறங்கும் மெட்ரோ நிலையம் 1986 ஏப்ரல் 29 அன்று திறக்கப்பட்டது. இன்று அதற்கு மகாநாயக் உத்தம்குமார் என்று பெயர். நகரின் நடுவிலிருந்து இங்கு வரும் சுரங்கம், சாலையைத் தோண்டி, கான்கிரீட் பெட்டி கட்டி, மேலே மண்ணால் மூடும் முறையில் அமைந்தது. வடக்கே ஷியாம்பஜாருக்கும் பெல்காச்சியாவுக்கும் இடையில் கால்வாயும் ரயில் யார்டும் குறுக்கிட்டன. அங்கு அம்முறை சரிப்படவில்லை. பூமிக்குள்ளேயே குடைந்து சென்றார்கள். ஒரே பாதைக்கு இரண்டு முறைகளும் தேவைப்பட்டன.

மனிதர்களின் சிந்தனையும் இப்படித்தான். பிரிட்டிஷ் உளவியலாளர் மைக்கேல் கர்ட்டன் 1976-இல் இதை விளக்கினார். சிலர் இருக்கும் முறைக்குள் நின்று அதைச் செப்பனிடுவர். சிலர் முறையையே மாற்றப் பார்ப்பர். இது திறமையில் ஏற்றத்தாழ்வு அன்று, போக்கில் உள்ள வேறுபாடே என்று அவர் வலியுறுத்தினார். முன்னவருக்குப் பின்னவர் அவசரக்காரராகவும், பின்னவருக்கு முன்னவர் பிடிவாதக்காரராகவும் தோன்றுவர். சிறு குழுக்களில் பூசல் பிறப்பது இங்கேதான். ஆனால் பூசலைவிட மௌனம் ஆபத்தானது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பணிக்காலத்தில் ஒரு சிறு பாலத்தில் கர்டர் மாற்ற வேண்டியிருந்தது. வண்டிகளை நிறுத்தி வைத்து வேலை செய்யும் நேரத்தை ‘பிளாக்’ என்போம். அதை முடிவு செய்ய ஐவர் கூடினோம். “மூன்று மணி நேரம் போதும்தானே?” என்று நானே முதலில் கேட்டுவிட்டேன். அனைவரும் தலையசைத்தனர். அன்றைய வேலை நாலரை மணி நேரம் பிடித்தது; வண்டிகள் வரிசையாக நின்றன. பிறகு மூத்த மேஸ்திரி சொன்னார்: “போல்ட்டெல்லாம் துருவேறிக் கிடந்தது எனக்குத் தெரியும் சார். நீங்கதான் முதல்லயே மூணு மணின்னு சொல்லிட்டீங்களே!”

நான் முடிவை முதலில் பார்ப்பவன். அவர் ஒவ்வொரு படியாகப் பார்ப்பவர். தவறு என்னுடையதே.

அன்று முதல் மூன்று பழக்கங்களைக் கைக்கொண்டேன்.

1. தலைமை ஏற்பவர் கடைசியில் பேசவேண்டும்.

2. பேச்சு தொடங்குமுன் அவரவர் கருத்தைத் துண்டுத்தாளில் எழுதிவிட வேண்டும்.

3. எல்லோரும் உடனே சம்மதித்தால், ஒருவரை எதிர்ப்பக்கம் வாதாடச் சொல்ல வேண்டும். சாலமன் ஆஷ் 1950-களில் நடத்திய சோதனைகளில், துணைக்கு ஒருவர் சரியானதைச் சொன்னாலே மற்றவருக்கும் பெரும்பான்மையை மறுக்கும் துணிவு வந்தது.

அடுத்த முறை நம் சங்கக் குழு பொங்கல் விழாச் செலவைப் பற்றிப் பேசக் கூடும்போது, மூலையில் பேசாமல் அமர்ந்திருப்பவரை ஒரு வார்த்தை கேளுங்கள். துருவேறிய போல்ட் எது என்பது அவருக்குத் தெரிந்திருக்கலாம்.