கை மரத்தால் சுண்டுவிரலைப் பாருங்கள்

ராத்திரி தூக்கத்தில் கை மரத்து, விறுவிறுவென்று குத்தி, எழுந்து உதறினால்தான் சரியாகிறதா? 'வாயு', 'ரத்த ஓட்டம் இல்லை' என்று எண்ணெயை எடுப்பதற்கு முன், எந்தெந்த விரல் மரத்திருக்கிறது என்று பாருங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிரவிரலில் பாதி மரத்து, சுண்டுவிரல் மட்டும் தப்பித்திருந்தால் கார்ப்பல் டனல் கோளாறாக இருக்கலாம்.

மணிக்கட்டு எலும்புகளுக்கும் அவற்றின் குறுக்கே ஓடும் கெட்டியான நார்ப்பட்டைக்கும் நடுவில் குறுகலான வழி ஒன்று இருக்கிறது. விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும் மீடியன் நரம்பும் அதற்குள் நெருக்கியடித்துப் போகின்றன. உள்ளே கொஞ்சம் வீங்கினாலும் நசுங்குவது நரம்புதான். சுண்டுவிரலுக்கான நரம்பு அந்த வழியாகப் போவதில்லை.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். இரண்டு புறங்கைகளையும் ஒட்டி, விரல்கள் கீழே தொங்கும்படி மணிக்கட்டை மடக்கி 1 நிமிடம் வையுங்கள். அதே விரல்கள் மரத்தால் சந்தேகம் வலுக்கிறது. பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, கட்டைவிரல் அடியில் உள்ள சதை மேட்டைப் பாருங்கள். ஒன்று வற்றிப் பள்ளமாகத் தெரிந்தாலோ, சட்டைப் பித்தான் போட வராமல் போனாலோ வீட்டு வைத்தியத்துக்கு நேரமில்லை, டாக்டரிடம் போங்கள். காலும் சேர்ந்து எரிந்தால் சர்க்கரையையும், வலி கழுத்திலிருந்து இறங்கினால் கழுத்து நரம்பையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கோலார் தங்கவயலில் சுரங்க நோய் என்றால் நுரையீரலைக் கெடுக்கும் சிலிக்கோசிஸைத்தான் பேசுவோம். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடும்வரை ஜாக்ஹாம்மர் பிடித்த கைகளைப் பற்றிப் பேச்சே இல்லை. அதிரும் கருவிகளை வருஷக்கணக்கில் இறுக்கிப் பிடிப்பதும் இந்த நரம்பைக் கெடுக்கும். அந்த வேலை பார்த்த அப்பாவோ தாத்தாவோ வீட்டில் இருந்தால், விரல் மரப்பை வயசுக் கோளாறு என்று விட்டுவிடாதீர்கள்.

இன்றைக்கு பெங்களூர் கார்மென்ட்ஸில் கத்தரி பிடிப்பவர்கள், பட்டறையில் கிரைண்டர் ஓட்டுபவர்கள் கவனிக்க வேண்டும். கத்தரி கூராக இருந்தால் அழுத்தம் குறையும். பிடியைத் தளர்த்துங்கள், இடையிடையே கையை விட்டு ஓய்வு கொடுங்கள். மாரிக்குப்பத்தில் பெங்களூர் ரயில் ஏறியதும் மடக்கிய மணிக்கட்டில் மோவாயை முட்டுக்கொடுத்து இரண்டு மணி நேரம் தூங்குகிறோமே, அதை முதலில் விட வேண்டும்.

வைத்தியத்தில் முதல்படி ஸ்பிளிண்ட். மெடிக்கலில் கொடுக்கும் வெறும் எலாஸ்டிக் பட்டை போதாது, இறுக்கினால் கெடுதல். உள்ளே தகடு வைத்து, மணிக்கட்டை நேராக நிறுத்துவதைக் கேட்டு வாங்குங்கள். ராத்திரி தூங்கும்போது கட்டி, 6 வாரமாவது விடாமல் பாருங்கள். ரயில் தூக்கத்துக்கும் அதையே கட்டிக்கொள்ளலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. தைராய்டு, சர்க்கரை இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கர்ப்பிணிகளுக்கு வந்தால் பெரும்பாலும் பிரசவத்துக்குப் பின் தானே அடங்கும். வாரம் ஒரு சத்து ஊசி போட்டுக்கொள்வது, உடம்பில் அந்தச் சத்து குறையாதவரை, காசுக்குக் கேடு.

ஸ்பிளிண்டில் அடங்காவிட்டால் மணிக்கட்டில் ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். சில மாதம் நிம்மதி, திரும்பவும் வரலாம். நரம்பு எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்று பார்க்க நரம்புக் கடத்தல் பரிசோதனை உண்டு. அதிகமென்றால் ஆபரேஷன். கையை மட்டும் மரக்கவைத்து, அந்த நார்ப்பட்டையை வெட்டிவிடுவார்கள். பெரும்பாலும் அன்றைக்கே வீடு திரும்பலாம். சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள் என்றால் கைக்காசைச் செலவழிக்குமுன் உங்கள் இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியில் கேளுங்கள். பெங்களூரில் ராஜாஜிநகரிலும் இந்திராநகரிலும் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன.

ஆபரேஷன் ஆன அன்றிலிருந்தே விரல்களை மடக்கி நீட்டுங்கள், குடம் தூக்காதீர்கள். ராத்திரிக் குத்தல் சீக்கிரம் போய்விடும். பிடிபலம் திரும்பச் சில மாதம் ஆகலாம். அதுவரை லேசான வேலை தரச் சொல்லி டாக்டரிடம் சீட்டு எழுதி வாங்கி, சூப்பர்வைசரிடம் கொடுத்துவிடுங்கள்.