தேர்தலில் வென்றவர்கள் எங்கே போனார்கள்?

அன்புள்ள கயல்விழிக்கு,

பாலஸ்தீனியர்களிடையே ஒரு காந்தி ஏன் தோன்றவில்லை என்று உன் கடிதத்தில் கேட்டிருக்கிறாய். உன்மேல் எனக்குக் கோபமில்லை. பத்திரிகைகளும் மேடைகளும் சொல்லிச் சொல்லிப் பழக்கிவிட்ட கேள்வி அது. அந்தக் கேள்வியின் மேல்தான் கோபம். கேட்பவர்கள் யாரும் தேடிப் பார்த்துவிட்டுக் கேட்பதில்லை. இல்லை என்று முடிவுகட்டிக்கொண்டு கேட்கிறார்கள். மேற்குக் கரையை இஸ்ரேல் கைப்பற்றிய 1967 போரைப் பற்றி உனக்குத் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். போர் முடிந்த இரண்டே மாதத்தில், ஆகஸ்டில், மேற்குக் கரையில் இஸ்ரேல் ராணுவம் 101ஆம் எண் ஆணையைப் பிறப்பித்தது. அரசியல் விஷயமாக 10 பேர் கூடினாலே ராணுவத் தளபதியின் அனுமதி வேண்டும். மீறினால் 10 ஆண்டு வரை சிறை. ஊர்வலம், கொடி, துண்டுப் பிரசுரம் எல்லாம் அதற்குள் அடக்கம். அறப்போராட்டத்துக்கு என்னென்ன வேண்டுமோ அத்தனையும் முதல் ஆண்டிலேயே குற்றமாகிவிட்டன. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படி.

ஆக்கிரமிப்பின் அரசியல் வரலாற்றுக்குத் திருப்புமுனையாகப் பலரும் 1993 ஆஸ்லோ ஒப்பந்தத்தைச் சொல்வார்கள். நான் 1976 ஏப்ரல் 12 என்பேன். அன்று மேற்குக் கரையில் நகராட்சித் தேர்தல் நடந்தது. நடத்தியது இஸ்ரேல்தான், ஜோர்தான் சட்டம் பெண்களுக்கு மறுத்திருந்த வாக்குரிமையையும் அது வழங்கியது. பழைய பெருங்குடும்பத்தார் வெல்வார்கள், பாலஸ்தீன விடுதலை இயக்கம் ஒதுங்கிவிடும் என்பது கணக்கு. மக்கள் அந்தக் கணக்கைப் பொய்யாக்கினார்கள். நாப்லுஸில் பஸ்ஸாம் ஷகா, ரமல்லாவில் கரீம் கலஃப், ஹெப்ரோனில் ஃபஹத் கவாஸ்மே என்று, பெரிய ஊர்கள் பலவற்றில் விடுதலை இயக்கத்தின் ஆதரவாளர்களே வந்தார்கள். 1979 நவம்பரில் ஷகாவை நாடு கடத்துவதற்காகக் கைது செய்தபோது மற்ற மேயர்கள் கூட்டாகப் பதவி விலகினார்கள். அடுத்த மாதமே அவரை விடுவிக்க வேண்டியதாயிற்று. இந்த இடத்தில் நிறுத்தி யோசித்துப் பார். ஒரு துப்பாக்கியும் வெடிக்காமல், பதவியைத் தூக்கி எறிந்தே ஒரு ராணுவ உத்தரவைத் திரும்பப் பெறவைத்திருக்கிறார்கள். பிறகு வந்தது 1980. மே மாதம் ஹெப்ரோனில் யூதக் குடியேறிகள் ஆறு பேர் கொல்லப்பட்டார்கள். அதைக் காரணம் காட்டிக் கவாஸ்மேயும் ஹல்ஹூல் மேயர் முகமது மில்ஹெமும் நாடு கடத்தப்பட்டார்கள். ஜூன் 2 அன்று குடியேறிகளின் ரகசியக் குழு ஒன்று மேயர்களின் கார்களுக்குக் குண்டு வைத்தது. ஷகா இரண்டு கால்களையும் இழந்தார், கலஃப் ஒரு பாதத்தை இழந்தார். அல்-பீரே மேயர் இப்ராஹிம் தவீல் வீட்டில் வைத்த குண்டை அகற்றப் போன இஸ்ரேலியப் படைவீரருக்குப் பார்வை போயிற்று. 1982 மார்ச்சில் தவீல், ஷகா, கலஃப் மூவரையும் ராணுவம் பதவிநீக்கம் செய்தது. மேற்குக் கரை மக்கள் அடுத்த நகராட்சித் தேர்தலைக் கண்டது 2004 டிசம்பரில்தான்.

இவர்கள் ஆதரித்தது ஆயுதம் ஏந்திய இயக்கத்தைத்தானே என்று நீ மடக்கலாம். ஆதரித்தார்கள். 1972 மியூனிக்கில் இஸ்ரேலிய விளையாட்டு வீரர்களைக் கொன்றவர்களும் பாலஸ்தீனியர்களே. பின்னாளில் பேருந்துகளில் வெடித்த மனித குண்டுகளையும் 2023 அக்டோபர் 7 அன்று நடந்த படுகொலைகளையும் மறைத்துவிட்டு இந்த வரலாற்றை எழுதுவது நேர்மையாகாது. ஆனால் மேயர்கள் கையில் எடுத்தவை ராஜினாமா, கடையடைப்பு, மனு. 1982இல் அந்த மூவரின் பதவி போனது குண்டு வீசியதற்காக அல்ல. 1981இல் ராணுவம் ஏற்படுத்திய சிவில் நிர்வாகத்தோடு ஒத்துழைக்க மறுத்ததற்காக. ஒத்துழையாமையைத் தண்டித்துவிட்டு ஒத்துழையாமை எங்கே என்று தேடுவது என்ன நியாயம்?

பெத்லகேமுக்கு அடுத்திருக்கும் பெய்த் சஹூர் என்ற சிற்றூரை உனக்குக் காட்டாமல் விட மனமில்லை. 1987 டிசம்பரில் முதல் இன்டிஃபாதா என்ற மக்கள் எழுச்சி தொடங்கியதும், பிரதிநிதித்துவம் இல்லாமல் வரி இல்லை என்று சொல்லி அவ்வூரார் வரி கட்ட மறுத்தார்கள். இஸ்ரேலியப் பாலை வாங்காமலிருக்க 18 மாடுகள் வாங்கினார்கள். அந்த மாடுகளை ராணுவம் பாதுகாப்புக்கு ஆபத்து என்றது. ஊரார் ஒளித்து வைத்தார்கள். 2014இல் அமீர் ஷொமாலியும் பால் கவனும் எடுத்த ‘தி வாண்டட் 18’ என்ற ஆவணப்படம் இந்தக் கதைதான். பாடப்புத்தகத்தை ஒரு நாள் மூடிவைத்துவிட்டு அதைப் பார். 1989 இலையுதிர் காலத்தில் ஊரைச் சுற்றி வளைத்து, ஆறு வார காலம் வீடு வீடாகப் புகுந்து, குளிர்சாதனப் பெட்டி, மேசை நாற்காலி, பட்டறை இயந்திரம் என்று வரிபாக்கிக்காக அள்ளிச் சென்றார்கள். இந்த நடவடிக்கைகளைக் கண்டித்து ஐ.நா. பாதுகாப்பு அவைக்கு வந்த தீர்மானத்தை நவம்பர் 7 அன்று அமெரிக்கா ரத்து அதிகாரத்தால் வீழ்த்தியது. அறவழியைப் பாடமாகவே கற்பித்த முபாரக் அவாத் 1988 ஜூனிலேயே நாடு கடத்தப்பட்டுவிட்டார். அந்த எழுச்சியில் கல்லும் பெட்ரோல் குண்டும் பறந்தன, உளவாளிகள் என்ற சந்தேகத்தில் பாலஸ்தீனியர்களைப் பாலஸ்தீனியர்களே கொன்றார்கள் என்பதும் உண்மை. ஆனால் வரி மறுத்த ஊருக்குக் கிடைத்த பதில் அந்தக் கல்லுக்கான பதிலல்ல.

குற்றம் முழுவதும் இஸ்ரேலுடையது என்றும் எழுதிவிடாதே. 1991 மாட்ரிட் அமைதி மாநாட்டுக்கு உள்ளூரிலிருந்து போன பாலஸ்தீனக் குழுவுக்குத் தலைவர் காஸாவின் மருத்துவர் ஹைதர் அப்துல் ஷாஃபி. குடியேற்றங்களை நிறுத்தாமல் ஒப்பந்தம் கூடாது என்பதில் அவர் உறுதியாக நின்றார். அவர் வெளிப்படையாகப் பேசிக்கொண்டிருந்தபோதே, துனிஸில் இருந்த விடுதலை இயக்கத் தலைமை அவருக்குத் தெரியாமல் ஆஸ்லோவில் பேசி முடித்தது. குடியேற்றங்களை நிறுத்தும் வாசகம் அதில் இல்லை. 1996இல் பாலஸ்தீன சட்டமன்றத்துக்குத் தேர்வான அவர் மறு ஆண்டே வெளியேறினார். 2006இல் ஹமாஸ் 132 இடங்களில் 74ஐ வென்ற பிறகு அங்கு சட்டமன்றத் தேர்தலே நடக்கவில்லை. 2021இல் அறிவித்த தேர்தலைப் பாலஸ்தீன அதிபர் மஹ்மூத் அப்பாஸ் ஒத்திவைத்தார். அடுத்த கடிதத்தில், 1976இல் வென்ற மேயர்கள் ஒவ்வொருவரும் பின்னர் என்ன ஆனார்கள் என்று தேடி எழுது. கவாஸ்மே 1984இல் அம்மானில் சுட்டுக் கொல்லப்பட்டார், அவரிலிருந்து தொடங்கு.

அன்புடன்,
உன் ஆசிரியர்